ஹோஸ்ட் வரும், போகும்: ஸ்லர்மா, காண்டரா, குபெர்னெட்டிஸா?

எங்கள் ஆய்வகத்தின் தரைத்தளத்தில் ஒரு ரேக் நிறைய 22 சர்வர்கள் இருக்கின்றன. மாடியில், மாணவர்கள் பயிற்சி எடுக்கும் கூடத்தில், 40 டெஸ்க்டாப்கள். மாலை ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டினால் மறுநாள் காலை ஒன்பது வரை அந்த நாற்பதும் சும்மா கிடக்கும். அதே நேரத்தில் கீழே ரேக்கில் க்யூ, அதாவது காத்திருப்பு வரிசை, நிரம்பி, ஒரு சின்ன ஜாப் (கணினியிடம் ஓடக் கொடுக்கும் வேலை) கூட இரண்டு நாள் காத்துக்கிடக்கும். மாடியில் இருப்பதை இரவில் கிளஸ்டரோடு, அதாவது ஒன்றாக வேலை செய்யும் கீழே உள்ள சர்வர் கூட்டத்தோடு, சேர்த்துக்கொண்டு காலையில் திருப்பிக் கொடுத்துவிட முடியாதா என்று ஓர் ஆய்வு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று.

அந்த மூன்று மாதத்தில் ஸ்லர்ம், எச்டிகாண்டர், குபெர்னெட்டிஸ் என்ற, எந்த வேலை எந்த மெஷினில் ஓடும் என்று பங்கிடும் மூன்று மென்பொருள்களையும் நிறுவி, நோடுகளை (ஹோஸ்ட் என்பதும் இதுதான், கிளஸ்டரில் உள்ள ஒரு மெஷின்) சேர்த்து, எடுத்து, வேண்டுமென்றே கெடுத்தும் பார்த்தேன். இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்று புரிந்தது. புது ஹோஸ்டைச் சேர்ப்பதை எல்லா மென்பொருளும் எப்படியோ செய்துவிடுகிறது. காலி மெஷின் உள்ளே வருவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வெளியே போகும்போது அதன் மேல் யாருடைய மூன்று நாள் கணக்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் ஒப்பிட்டது பெரும்பாலும் வெளியேறும் வழியைத்தான். அதிலும் மூன்று வகை உண்டு. சொல்லிவிட்டுப் போவது: நினைவகப் பலகை மாற்ற வேண்டும், அடுத்த வாரம் இந்த நோடைக் கழற்றுவோம் என்பது மாதிரி. மணி பார்த்துப் போவது: காலை ஒன்பதுக்குக் கூடம் திறந்தாக வேண்டும். அப்புறம், சொல்லாமலே போவது: மின்சாரம் போய்விட்டது, யாரோ கம்பியில் காலை இடறிவிட்டார்கள்.

ஸ்லர்ம்: பட்டியல் நடுவில் இருக்கிறது

ஸ்லர்ம் 2002 வாக்கில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தொடங்கியது. 2010 முதல் ஷெட்எம்டி நிறுவனம் அதை வளர்க்கிறது. பிறந்த வீட்டின் குணம் அதில் நன்றாகத் தெரியும். அங்கே ஆயிரக்கணக்கான நோடுகளை ஒரே தடவையில் வாங்கி நிறுவி, ஐந்தாறு வருடம் அப்படியே ஓட்டுவார்கள். நோடு என்பது அசையாச் சொத்து. அதற்கேற்றபடி, கிளஸ்டரில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புக் கோப்பில்) பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கும். அதே ஃபைல் எல்லா நோடிலும் இருக்க வேண்டும். பழைய முறைப்படி ஒரு நோடு சேர்க்க வேண்டுமென்றால் ஃபைலைத் திருத்தி, எல்லா இடத்துக்கும் அனுப்பி, நடுவில் இருந்து ஆளும் கண்ட்ரோலரையும், ஒவ்வொரு நோடிலும் பின்னணியில் ஓடும் டீமன் புரோகிராம்களையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஒரு பெயர் சேர்க்க ஏன் இவ்வளவு பாடு? காரணம் இரண்டு. ஸ்லர்ம் ஒவ்வொரு நோடுக்கும் வரிசையில் ஓர் இடம் கொடுத்து, எந்த ஜாப் எங்கே ஓடுகிறது, எந்தப் பார்ட்டிஷனில் (நோடு பிரிவில்) யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பூஜ்யம், ஒன்று என்ற பிட் வரிசையாக வைத்துக்கொள்கிறது. கணக்கு மின்னல் வேகத்தில் நடப்பது இதனால்தான். ஆனால் வரிசைக்கு நடுவில் ஒரு புதுப் பெயர் நுழைந்தால் அத்தனை வரிசையையும் மறுபடி கட்ட வேண்டும். இரண்டாவது காரணம்தான் எங்களைக் கடித்தது. கண்ட்ரோலர் ஒவ்வொரு நோடோடும் நேராகப் பேசுவதில்லை. சில நோடுகளிடம் சொல்லும். அவை தங்களுக்குக் கீழே உள்ள மற்ற நோடுகளுக்குச் செய்தியைக் கடத்தும், மரக்கிளை மாதிரி. நடுக்கிளையில் இருக்கும் நோடு பழைய ஃபைலோடு இருந்தால், புது நோடின் பெயரே அதற்குத் தெரியாது. கடத்த வேண்டிய செய்தி அங்கேயே நின்றுவிடும்.

ஒருமுறை இரண்டு நோடு சேர்த்துவிட்டு கண்ட்ரோலரையும் அந்த இரண்டையும் மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன். ஒற்றை நோடு ஜாப்கள் அருமையாக ஓடின. பதினாறு நோடு ஜாப் ஒன்று கிளம்பும்போது விழுந்தது, அடுத்ததும் விழுந்தது. புது மெஷின்களின் நெட்வொர்க் கார்டைச் சந்தேகப்பட்டு ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. கண்ட்ரோலர் லாகில், இந்த நோடின் கான்ஃபிக் என்னுடையதிலிருந்து வேறுபடுகிறது என்ற எச்சரிக்கை வரி வரியாகக் கிடந்ததை மாலையில்தான் பார்த்தேன்.

சரி, ரீஸ்டார்ட் என்றதும் பயப்பட வேண்டாம். இதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஸ்லர்மில் ஒவ்வொரு ஜாப் படிநிலைக்கும் தனியாக ஒரு காவல் புரோசஸ் உண்டு. நோடு டீமனை நிறுத்தி மறுபடி கிளப்பினாலும் அது தன்பாட்டுக்கு ஓடும், ஜாப் சாகாது. கண்ட்ரோலரும் தன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்திருப்பதால் எழுந்ததும் விட்ட இடத்தில் தொடரும். எங்கள் 22 நோடுகளையும் ரீஸ்டார்ட் செய்ய ஒரு நிமிடம் கூட ஆகாது. வருடத்துக்கு இரண்டு தடவை நோடு சேர்ப்பவருக்கு இந்தப் பழைய முறையே போதும் என்பது என் கருத்து. 20.02 வெளியீட்டிலிருந்து கான்ஃபிக் ஃபைலை நோடுகளில் வைக்காமல் கண்ட்ரோலரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. எனக்கு நடந்த கூத்து அதில் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதை மட்டுமாவது எல்லோரும் செய்துவிடுங்கள்.

நோடு அடிக்கடி வந்து போகும் என்றால் 22.05 வெளியீட்டில் வந்த டைனமிக் நோடு வசதியைப் பார்க்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை நோடு வரும் என்று கான்ஃபிக்கில் மேக்ஸ்நோடுகவுண்ட் என்ற எண்ணால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பிட் வரிசையில் அத்தனை இடம் ஒதுக்கப்பட்டுவிடும். அப்புறம் நோடு டீமனை இசட் தேர்வோடு கிளப்பினால் அது தானாகவே பதிவு செய்துகொள்ளும். எடுக்க வேண்டுமென்றால் எஸ்கண்ட்ரோல் கட்டளையில் டிலீட். ஜாப் ஓடிக்கொண்டிருக்கும் நோடையும் ரிசர்வேஷனில் இருக்கும் நோடையும் டிலீட் செய்ய விடாது. நல்ல காவல்.

ஆனாலும் இந்த வசதி பின்னால் கட்டிய திண்ணை என்பது தெரிகிறது. டைனமிக் நோடுகள் பெயர் வரிசைப்படி அடுக்கப்படுவதில்லை, வந்த வரிசையில் நிற்கும். பெயர் வரிசையை வைத்து அருகருகே உள்ள நோடுகளைப் பெரிய ஜாப்புக்குக் கொடுக்கும் கிளஸ்டரில் இதனால் ஒதுக்கீடு சிதறும். பார்ட்டிஷனை எல்லா நோடும் என்றோ, ஒரு ஃபீச்சர் பெயரை வைத்த நோடுசெட் என்றோ எழுதாவிட்டால் புதிதாக வந்த நோடு எந்தப் பார்ட்டிஷனிலும் சேராமல் தனியாக நிற்கும்.

வெளியேறும் வழியில் ஸ்லர்ம் தெளிவாக இருக்கிறது. டிரெயின் என்று நிலையை மாற்றி, காரணத்தையும் எழுதினால், புது ஜாப் வராது. ஓடுவது முடியும்வரை ஓடும். முடிந்ததும் நிலை தானாக டிரெயின்டு ஆகும், நிம்மதியாகக் கழற்றலாம். டவுன் என்று போட்டால் கதை வேறு: ஓடும் ஜாப்களைக் கொன்றுவிடும். அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். டிரெயின் செய்யாமல் கான்ஃபிக்கிலிருந்து பெயரை அழித்தாலும் அதன் மேல் ஓடிய ஜாப் போச்சு.

மாடி டெஸ்க்டாப்களுக்கு ஸ்லர்ம் ஒத்துவராததற்கு இரண்டு சின்னக் காரணங்கள். கண்ட்ரோலருக்கு 300 வினாடி பதில் வராவிட்டால் நோடு டவுன் ஆகிவிடும். இயல்பான அமைப்பில், அது மறுநாள் எழுந்து வந்தாலும் அட்மின் கைப்பட ரெஸ்யூம் செய்யும்வரை டவுனாகவே இருக்கும். ரிட்டர்ன்டுசர்வீஸ் அமைப்பை மாற்றினால் தீரும், ஆனால் அந்த இயல்பே ஸ்லர்ம் எப்படி யோசிக்கிறது என்பதைச் சொல்கிறது: பேசாமல் போனவன் ஏன் போனான் என்று ஒரு மனிதர் பார்க்கட்டும் என்கிறது. ரேக்குக்கு அது சரி. மாணவர் பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போகும் மெஷினுக்குச் சரிவராது. இரண்டாவது, கடிகாரம். ஸ்லர்ம் அடையாளச் சோதனைக்கு மஞ்ச் என்ற மென்பொருளை நம்புகிறது. அதன் சான்று ஐந்து நிமிடம்தான் செல்லும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய டெஸ்க்டாப் ஒவ்வொரு இரவும் தப்பான நேரத்தோடு எழுந்தால் பதிவே நடக்காது. கிரோனி மாதிரி நேர ஒத்திசைவு முதலில் ஓடி, அதற்கப்புறம்தான் ஸ்லர்ம் எழ வேண்டும். எங்கள் நாற்பதில் ஆறு மெஷின்கள் இப்படி இருந்தன.

எச்டிகாண்டர்: ஹோஸ்ட் தானே அறிவிக்கிறது

1988 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாடிசன் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியின் குழு காண்டரைக் கட்டியபோது இருந்த பிரச்சினை எங்கள் மாடிக் கூடத்தின் பிரச்சினைதான். பேராசிரியர்கள் மேசை மேல் இருந்த வொர்க்ஸ்டேஷன்கள் இரவெல்லாம் சும்மா இருந்தன. உரிமையாளர் இல்லாதபோது எடுத்துக்கொள்வது, அவர் வந்து விசைப்பலகையைத் தொட்டதும் விட்டுவிடுவது. 2012 இல் எச்டிகாண்டர் என்று பெயர் மாறியது. இன்று ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தன் பேட்ச் வேலைகளை இதில்தான் ஓட்டுகிறது.

இங்கே நடுவில் நிரந்தரப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு மெஷினும் தன்னைப் பற்றிய ஒரு விளம்பரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கலெக்டர் என்ற மையப் புரோகிராமுக்கு அனுப்புகிறது: எனக்கு இத்தனை கோர், இவ்வளவு நினைவகம், இன்ன நேரத்தில் வேலை வாங்குவேன். ஒழுங்காக மூடிக்கொண்டு போகும்போது தன் விளம்பரத்தைத் தானே திரும்ப வாங்கிவிடும். சொல்லாமல் போனால் 15 நிமிடத்தில் விளம்பரம் காலாவதியாகி, அந்த ஹோஸ்ட் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். சேர்ப்பது என்ற செயலே இங்கே இல்லை. மெஷினை ஆன் செய்கிறோம், அது இருக்கிறது. ஆஃப் செய்கிறோம், அது இல்லை. யாரும் ரெஸ்யூம் போட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, எப்போது வேலை வாங்கலாம் என்பதை மெஷினே தீர்மானிக்கும் விதம். ஒவ்வொரு டெஸ்க்டாப்பிலும் ஸ்டார்ட் என்ற ஒரு நிபந்தனை வரி இருக்கிறது. நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் கடந்தது, இன்று என்ன கிழமை, விசைப்பலகை எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது எல்லாவற்றையும் அதில் எழுதலாம். எங்களுடையது இப்படி: மாலை ஆறரைக்கு மேல், அல்லது காலை ஏழுக்கு முன், அல்லது ஞாயிறு, கூடவே விசைப்பலகை 15 நிமிடம் தொடப்படாமல் இருக்க வேண்டும். ஏழுக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்காது. எட்டரைக்கும் ஓடிக்கொண்டிருப்பதை மரியாதையாக வெளியேற்றும். ஒன்பதுக்குக் கூடம் திறக்கும்போது மெஷின் மாணவருடையது. மணி பார்த்துப் போகும் ஹோஸ்டுக்கு இதைவிட நேரான வழியை நான் பார்க்கவில்லை.

வெளியேற்றுவதிலும் படிகள் வைத்திருக்கிறார்கள். பீஸ்ஃபுல் என்றால் ஓடும் ஜாப் எவ்வளவு நேரமானாலும் முடியட்டும் என்று காத்திருக்கும். கிரேஸ்ஃபுல் என்றால் ஜாப்புக்குச் சொல்லி, தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். ஃபாஸ்ட் என்றால் உடனே வெட்டிவிடும். வெளியேற்றப்படும்போது பாதியில் இருக்கும் ஃபைல்களைத் திருப்பி அனுப்பி, அடுத்த மெஷினில் அங்கிருந்தே தொடரச் செய்யவும் ஜாப் விவரத்தில் ஒரு வரி போதும், புரோகிராம் தன் நிலையை எழுதி வைக்கத் தெரிந்ததாக இருந்தால். பகிர்ந்த ஹோம் டைரக்டரியும் கட்டாயமில்லை. ஃபைலை அதுவே அனுப்பி, அதுவே வாங்கிக்கொள்கிறது. மாடி டெஸ்க்டாப்களுக்கு எங்கள் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு சர்வரைத் திறந்து காட்ட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இவ்வளவு நல்லது என்றால் எல்லாவற்றையும் காண்டருக்கே மாற்றிவிடலாமே? பல நோடுகளில் ஒரே ஜாப் என்று வந்தால் அது தடுமாறுகிறது. பேரலல் யுனிவர்ஸ் என்று ஒரு வழி உண்டு; அதற்கு நோடுகளை ஒரு தனி ஷெட்யூலருக்கு (வேலையைப் பங்கிடும் புரோகிராமுக்கு) அர்ப்பணிக்க வேண்டும், எம்பிஐ (பல மெஷினில் ஓடும் புரோசஸ்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) துவக்கத்தை ஸ்கிரிப்ட் மூலம் கட்ட வேண்டும். ஸ்லர்மில் ஒற்றை வரியில் நடப்பது இங்கே வேலை வைக்கிறது. இது காண்டரின் குறை மட்டுமில்லை, எம்பிஐயின் இயல்பும்தான். நான்கு ஹோஸ்டில் பரவி ஓடும் எம்பிஐ ஜாப்பில் ஒரு புரோசஸ் செத்தால், இயல்பான அமைப்பில் மொத்த ஜாப்பும் நின்றுவிடும். எந்த ஹோஸ்டும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற உலகத்தில் அப்படிப்பட்ட ஜாப்பை வைத்தால் அது ஒருநாளும் முடியாது.

இன்னொரு கவனம் பாதுகாப்பில் தேவை. ஹோஸ்ட் தானாக வந்து சேரலாம் என்றால், யாருடைய ஹோஸ்ட் என்று கேட்க ஆள் வேண்டும். விளம்பரம் போட அனுமதி கிடைத்த மெஷினுக்கு மற்றவர்களின் ஜாபும் டேட்டாவும் போகும். ஐபி முகவரியை மட்டும் பார்த்து நம்பும் பழைய அமைப்புகளை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன், தயவுசெய்து விட்டுவிடுங்கள். டோக்கன் முறை வந்து பல வருடம் ஆகிறது. புது மெஷின் டோக்கன் கேட்கும், அட்மின் ஒருமுறை ஒப்புதல் தருவார். அதன்பின் அது வரலாம், போகலாம்.

குபெர்னெட்டிஸ்: மெஷின் போனால் வேறொன்று

எங்கள் துறையில் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர்கள் இருவர் இதைத்தான் முதலில் சொன்னார்கள். எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், நாமும் அதற்கே போய்விடலாம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான், ஆகவே நியாயமாகச் சோதித்தேன்.

சேர்ப்பது அழகாக இருக்கிறது. குபேஅட்ம் ஜாயின் என்று ஒரு கட்டளை, 24 மணி நேரம் மட்டும் செல்லும் ஒரு டோக்கன். உள்ளே வந்த நோடு பத்து வினாடிக்கு ஒருமுறை தன் உயிர்த்துடிப்பைப் புதுப்பிக்கிறது. டோக்கன் காலாவதியாகும் இந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. மறந்துபோய் எங்கோ ஒட்டி வைத்த சாவி வருடக்கணக்கில் கதவைத் திறந்துகொண்டிருக்காது.

வெளியேற்றும்போதுதான் அதன் மனம் தெரிகிறது. கார்டன் (தடுப்பு வேலி) என்றால் புது பாட், அதாவது குபெர்னெட்டிஸ் ஓட்டும் வேலை அலகு, வராது. டிரெயின் என்றால் ஓடும் பாட்களையும் வெளியேற்றும். இயல்பாக 30 வினாடி அவகாசம், அப்புறம் வெட்டு. ஸ்லர்மிலும் டிரெயின் என்ற இதே சொல் இருக்கிறது, பொருள் ஏறக்குறைய எதிர்மாறு. அங்கே ஜாப் முடியட்டும் என்று பொருள். இங்கே ஜாப் வெளியேறட்டும் என்று பொருள். இரண்டு உலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் இந்த ஒரு சொல்லில் வழுக்கி விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. சோதனை நாளிலேயே என் ஓர் இரவுக் கணக்கு இதில் போனது.

குபெர்னெட்டிஸ் இப்படி இருப்பதில் தவறில்லை. 2014 இல் கூகுள் வெளியிட்டபோது அது நினைத்தது இணையச் சேவைகளை. ஒரே சேவையின் பத்து பிரதிகள் ஓடும். ஒன்று போனால் வேறு மெஷினில் இன்னொன்று எழும், பயனருக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் எத்தனை பிரதி விழலாம் என்று எல்லை போடவும் முடியும். நோடு எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு நோடின் பயன்பாடு பாதிக்குக் கீழே பத்து நிமிடம் தொடர்ந்தால், அதன் பாட்களை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டு நோடையே விடுவித்துவிடும். மூன்று நாள் ஓடும் மூலக்கூறு இயக்கக் கணக்குக்கு இந்த உபசாரம் வேண்டாம். வெளியேற்றாதே என்று பாட் மேல் குறிப்பு போடலாம், கார்டன் மட்டும் போட்டுக் காத்திருக்கலாம், எல்லாம் நடக்கும். பல நோடு ஜாப்பின் எல்லாப் பாட்களும் சேர்ந்தே தொடங்க வேண்டும் என்றால் வால்கேனோ, கியூ (Kueue) போன்ற கூடுதல் மென்பொருளும் போட வேண்டும். 22 நோடுக்கும் ஒரே ஓர் அட்மினுக்கும் அது பாரம். உங்களிடம் ஏற்கெனவே குபெர்னெட்டிஸ் தெரிந்த குழு இருந்து, வேலையில் பாதி இணையச் சேவையாகவும் இருந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அங்கே அதையே எடுங்கள்.

மற்றவை

எங்களிடம் முன்பு இருந்தது கிரிட் எஞ்சின் என்ற இதே வகை மென்பொருள். உண்மையைச் சொன்னால், ரீஸ்டார்ட் இல்லாமல் ஹோஸ்டைச் சேர்ப்பதிலும் எடுப்பதிலும் அது அன்றே நன்றாக இருந்தது: கியூகான்ஃப் கட்டளையால் ஹோஸ்ட் குழுவில் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. ஆனால் சன் ஆஃப் கிரிட் எஞ்சின் என்ற சமூகப் பதிப்பின் 8.1.9 வெளியானது 2016 இல். அதன் மேல் இன்னொரு பத்து வருடத்தை வைக்க மனம் வரவில்லை. பிபிஎஸ் என்ற இன்னொரு ஷெட்யூலர் குடும்பத்திலும் கியூமேனேஜர் மூலம் ஓடும்போதே நோடு உருவாக்கலாம், அழிக்கலாம். அதில் ஏற்கெனவே இருப்பவர்கள் இந்தக் காரணத்துக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

கிளவுட் ஹோஸ்டையும் யோசித்தோம். ஸ்லர்மில் கிளவுட் என்ற நிலையோடு நோடுகளின் பெயரை முன்பே எழுதி வைத்து, ஜாப் வந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் மெஷினை எழுப்பவும் சும்மா இருந்தால் இன்னொரு ஸ்கிரிப்ட் அணைக்கவும் செய்யலாம். யாராவது செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: எழுந்து வருவதற்கு ஸ்லர்ம் இயல்பாகக் கொடுக்கும் நேரம் 60 வினாடி. கிளவுட் மெஷின் அதற்குள் எழுந்து, டிரைவர் ஏற்றி, பதிவு செய்வது அரிது. ரெஸ்யூம் டைம்அவுட்டைக் கூட்டாவிட்டால் எழுந்துகொண்டிருக்கும் மெஷினையே தோல்வி என்று குறித்துவிடும். எங்களுக்கு மாதாமாதம் பில் கட்டும் தலைப்பு பட்ஜெட்டில் இல்லை, அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

எந்த மென்பொருளை எடுத்தாலும், வந்து போகும் ஹோஸ்டின் டிஸ்கில் பொதுத் தரவை வைக்காதீர்கள். பல மெஷின்களின் டிஸ்கில் தரவைப் பரப்பி வைக்கும் ஹடூப் கோப்பு முறைமையில் ஒரு தரவு நோடை ஓய்வு கொடுத்து அனுப்ப, அதில் உள்ள ஒவ்வொரு பிளாக்குக்கும் வேறு இடத்தில் பிரதி உருவாகும்வரை காத்திருக்க வேண்டும். டிஸ்க் பெரிதாக இருந்தால் மணிக்கணக்கு. மாடியில் நாற்பது டிஸ்க் காலியாக இருக்கிறதே, அவற்றையும் சேர்த்து ஒரு பெரிய சேமிப்பாக்கலாமே என்ற ஆசை எங்களுக்கும் வந்தது. நல்லவேளை, செய்யவில்லை.

கம்பியைப் பிடுங்கிப் பார்த்தது

ஒரு சனிக்கிழமை மூன்றிலும் ஒரே ஜாப்பை ஓடவிட்டு, ஓடும் மெஷினின் மின்கம்பியைப் பிடுங்கினேன். ஆவணத்தைப் படிப்பதைவிட இது நிறையச் சொல்லிக்கொடுத்தது, எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன்.

ஸ்லர்ம் அந்த 300 வினாடி கழித்து நோடை டவுன் என்று குறித்தது. ஜாப்பை மறுபடி க்யூவில் போட்டது. குபெர்னெட்டிஸ்தான் முதலில் கவனித்தது: வெளியீட்டைப் பொறுத்து 40 அல்லது 50 வினாடியில் நோடு தயாரில்லை என்று குறிக்கும், அதன்பின் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாட்டை வேறிடத்தில் கிளப்பும். ஆக, கவனித்ததில் முந்தினாலும் ஜாப் திரும்ப எழுவதில் ஸ்லர்மைவிடச் சற்றுப் பின்தான். காண்டர் மெதுவாக இருந்தது. இணைப்பு அறுந்தாலும் ஜாப் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கலாம் என்று நம்பி, இயல்பாக 40 நிமிடம்வரை மறுபடி இணையப் பார்க்கிறது. ஸ்விட்ச் ஒன்று கால் மணி நேரம் படுத்து எழுந்தால் இந்தப் பொறுமை பொன்னானது. மற்ற இரண்டிலும் உயிரோடு இருந்த ஜாப் வீணாகியிருக்கும். மின்சாரமே போன மெஷினுக்கு அது வீண் காத்திருப்பு. மாடி ஜாப்களுக்கு அந்தக் காலத்தை 20 நிமிடமாகக் குறைத்துக்கொண்டோம்.

மூன்றிலும் பொதுவாக ஒன்று நடந்தது. ஜாப் திரும்ப எழுந்தது, ஆனால் முதலிலிருந்து. எந்த ஷெட்யூலரும் பாதிக் கணக்கைக் காப்பாற்றாது, புரோகிராம்தான் காப்பாற்ற வேண்டும். மூலக்கூறு இயக்கக் கணக்குக்கான குரோமாக்ஸ் புரோகிராம் இயல்பாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் நிலையை எழுதுகிறது. ஆனால் எங்கள் மாணவர்களின் ஸ்கிரிப்ட்களில் பாதிக்கு மேல், அந்தப் பழைய நிலையிலிருந்து தொடரச் சொல்லும் தேர்வே இல்லை. இந்த மூன்று மாதத்தில் நான் செய்த வேலையில் அதிகப் பயன் தந்தது அந்த ஸ்கிரிப்ட்களை ஒவ்வொன்றாகத் திருத்தியதாக இருக்கலாம்.

எங்கள் முடிவு

ரேக்கில் ஸ்லர்ம். டைனமிக் நோடு வசதியைப் போடவில்லை. 22 நோடும் பெயர் எழுதப்பட்ட நிலையான நோடுகள், கான்ஃபிக் கண்ட்ரோலரிடமிருந்து போகிறது. எம்பிஐ ஜாப் எல்லாம் அங்கே. மாடியில் காண்டர். மருந்து மூலக்கூறுகளைப் புரதத்தோடு பொருத்திப் பார்க்கும் டாக்கிங் வேலைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒற்றை மெஷினில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்; நடுவில் ஒன்று போனால் இன்னொரு மெஷினில் மறுபடி ஓடட்டும். கேள்வி கேட்ட அந்த மாணவியின் வேலையும் இந்த வகைதான்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலை, இரண்டு மென்பொருளைப் பராமரிப்பது. அதைவிட, மாணவர்கள் இரண்டு விதமாக ஜாப் அனுப்பக் கற்க வேண்டியிருக்கிறது. ஒரே லாகின் சர்வரிலிருந்து இரண்டுக்கும் அனுப்பலாம் என்றாலும், சார், இது எங்கே போட வேண்டும் என்ற கேள்வி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஸ்லர்ம் டைனமிக் நோடுகளை மட்டும் வைத்தே மாடியையும் ஓட்டியிருக்கலாம், அப்படிச் செய்தால் கற்க வேண்டியது ஒன்றாக இருந்திருக்கும். ஐந்தாறு டெஸ்க்டாப் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். நாற்பது மெஷின், யார் எப்போது பவர் பட்டனை அழுத்துவார் என்று தெரியாத கூடம் என்பதால் காண்டர் பக்கம் சாய்ந்தேன்.

அடுத்து இரண்டு ஜிபியூ சர்வர்கள் வர வேண்டும். கொள்முதல் கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது. அவற்றின் பெயரை மட்டும் ஃப்யூச்சர் என்ற நிலையோடு ஸ்லர்ம் கான்ஃபிக்கில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன். அந்த நிலையில் மெஷின் இல்லாமலே பெயர் இருக்கலாம். பெட்டி பிரித்து ரேக்கில் ஏற்றிய அன்று, ஓடும் எதையும் தொடாமல், எஸ்கண்ட்ரோலில் ஒரு வரி அடித்தால் போதும்.